பையன்களின் தலைமுடி யாருக்காக? இளைஞர் கலாசாரம் பற்றிய கேள்வி பதில்

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கும் பட்டப்படிப்பு மாணவர்களுக்கும் சமூகவியல் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேள்விகள் வந்த ஒழுங்கிலேயே தரப்பட்டுள்ளன.

தலவாக்கலை மாணவி: இளைஞர் கலாசாரமும் உபகலாசாரமும் ஒன்றா சேர்?

இல்லை மகள். இளைஞர் கலாசாரம் என்று டல்கொட் பார்சன்ஸ் 1942இல் எழுதியபோது அவர் பார்த்தது வயதை. பிள்ளைப் பருவம் முடிந்துவிட்டது, குடும்பப் பொறுப்பு இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் ஒரே வயதுக்காரர்களுக்குள் உருவாகும் ரசனையும் நடத்தையும் அது. உபகலாசாரம் என்பது பெரிய சமூகத்துக்குள் ஒரு கூட்டம் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ரசனையும் மதிப்பும் நடத்தையும். அதைப் பற்றிப் பேசியவர்கள் வயதோடு இன்னொன்றையும் கேட்டார்கள்: எந்த வீட்டுப் பிள்ளை? அமெரிக்கப் பாடசாலை தொழிலாளி வீட்டுப் பையனை நடுத்தர வர்க்கத்தின் அளவுகோலால் அளக்கிறது, அவன் தோற்கிறான், பிறகு கூட்டாளிகளோடு சேர்ந்து அந்த அளவுகோலையே தலைகீழாக்குகிறான் என்று அல்பர்ட் கோஹன் 1955இல் எழுதினார். வாத்தியார் கெட்டது என்று சொல்வது எதுவோ, அதுவே கூட்டத்துக்குள் மரியாதை தரும்.

பொகவந்தலாவ ஆசிரியர்: காதுக்கு மேலே வழித்து, உச்சியில் மட்டும் முடி விட்டுக்கொண்டு வருகிறார்கள். இதுவும் உபகலாசாரம்தானா? எப்படி நிறுத்துவது?

நிறுத்துவது எப்படி என்பது என் பாடத்தில் இல்லை. நிறுத்தப் போனால் என்ன நடக்கும் என்பது இருக்கிறது. 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரைக்கு இளைஞர் கூட்டம் போனது. குளிர், மழை, பொழுது போக வழியில்லை. கொஞ்சம் கைகலப்பு, சில கண்ணாடிகள் உடைந்தன. பத்திரிகைகள் அதை ஊரையே சூறையாடியது போல எழுதின. ஸ்டான்லி கோஹன் 1972இல் வந்த தன் நூலில் காட்டியது இதுதான்: ஸ்கூட்டரும் நாகரிக உடையுமான மொட்ஸ், மோட்டார் சைக்கிளும் தோல் ஜாக்கெட்டுமான ரொக்கர்ஸ் என்ற இரண்டு இளைஞர் கட்சிகளுக்கு இடையிலான கோடு அந்தச் செய்திகளுக்குப் பிறகுதான் தடித்தது. ஒரு பையனைக் காலைக்கூட்டத்தில் முன்னால் நிறுத்தி முடியை வெட்டுங்கள். அடுத்த வாரம் அவன் பின்வரிசைக்குத் தலைவன்.

நாவலப்பிட்டி: உபகலாசாரத்தை ஐந்து குறிப்புகளில் தரவும். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

முதல் பதிலைப் படியுங்கள். குறிப்பு எழுதுவது உங்கள் வேலை.

பதுளை, பல்கலைக்கழக மாணவர்: ஆசிரியர் கேட்ட முடி அலங்காரம் எதிர்ப்பு அல்லவா? பர்மிங்ஹாம் சிந்தனையாளர்கள் அதைத்தானே சொன்னார்கள்?

சொன்னார்கள். ஆனால் எதை வைத்துச் சொன்னார்கள் என்று பாருங்கள். ரிச்சர்ட் ஹொகார்ட் 1964இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு மையம், ஸ்டுவர்ட் ஹோலின் காலத்தில் இளைஞர் பக்கம் திரும்பியது. பில் கோஹன் 1972இல் கிழக்கு லண்டனை எடுத்துக்கொண்டார். பழைய குடியிருப்புகளை இடித்து மாடிவீடு கட்டுகிறார்கள், துறைமுக வேலை போகிறது, அக்கம்பக்கம் கலைகிறது. பெற்றோரால் தீர்க்க முடியாத அந்தச் சிக்கலைப் பிள்ளைகள் உடையிலும் நடையிலும் தீர்த்துக் காட்டப் பார்த்தார்கள் என்றார். வேலையோ வீடோ அதனால் திரும்பி வராது, தீர்வு கற்பனையில்தான். டிக் ஹெப்டிஜ் 1979இல், பங்க் என்ற முரட்டு ரொக் இசையைச் சுற்றிச் சேர்ந்த இளைஞர்கள் சட்டையில் குத்திய சேஃப்டி பின்னைக்கூட ஒரு வாசகம் போலப் படித்தார். அழகான படிப்பு. ஆனால் பின்னைக் குத்தியவனிடம் அவர் போதுமான அளவு கேட்கவில்லை என்ற குறை அன்றே எழுந்தது. ஸ்டான்லி கோஹனே 1980இல் தன் நூலின் மறுபதிப்பு முன்னுரையில், எதைக் கண்டாலும் எதிர்ப்பு என்று வாசிக்கும் இந்தப் பழக்கத்தைச் சாடினார்.

நான் எல்லாருக்கும் சொல்கிற எச்சரிக்கை இது, திரும்பவும் சொல்கிறேன்: கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பொருத்தமான பையனைத் தேடாதீர்கள். அவன் இதை யாருக்குக் காட்டுகிறான் என்று முதலில் பாருங்கள்.

நோர்வூட், ஆட்டோ ஓட்டுநர்: சேர், அந்த முடி எனக்கும் இருக்கு. எதிர்ப்பும் இல்ல, கெட்டுப் போறதும் இல்ல. படத்துல பார்த்தோம், நல்லா இருந்துச்சு, வெட்டுனோம். கொழும்புல கடையில நின்னப்ப முதலாளி இப்படி வெட்ட விடமாட்டாரு. ஊருக்கு வந்துதான் விட்டேன்.

தம்பி, இந்தக் கடைசி இரண்டு வசனங்களுக்கு நான் ஒரு வகுப்பே எடுப்பேன். பதுளைத் தம்பியும் பொகவந்தலாவ ஆசிரியரும் கவனிக்கட்டும்.

பங்க் இளைஞன் லண்டன் நடுத்தெருவில் நின்று, தன்னை மதிக்காதவர்களுக்குக் காட்டினான். கொழும்பில் கடையில் நிற்கிற நம் பையன் அங்கே அடங்கியிருக்கிறான். முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறான், பேச்சை மாற்றுகிறான், 'தோட்டக்காட்டான்' என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று எந்தத் தோட்டம் என்பதையே மறைக்கிறான். தீபாவளிக்கு முதல் நாள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள்: புது ஜீன்ஸ், கையில் போன், பையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஸ்பீக்கர். அதெல்லாம் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற லயத்துக்காரர்களுக்கு. 'நான் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தொடாமலே பிழைக்கிறேன்' என்ற செய்தி சொந்த ஊருக்குத்தான் போகிறது.

போல் வில்லிஸ் 1977இல் எழுதியதோடு இதை வைத்துப் பாருங்கள். இங்கிலாந்துத் தொழில் நகரம் ஒன்றில் 12 பையன்கள். பாடசாலையைக் கேலி செய்து, படிப்பை உதறி, அப்பா செய்த அதே வகை உடலுழைப்புக்குப் பெருமையோடு போனார்கள். நம் பையனும் படிப்பை உதறுகிறான். ஆனால் அப்பாவின் வேலையையும் சேர்த்து உதறுகிறான். பிறகு கிடைப்பது கடை வேலை, பாதுகாப்பு வேலை, ஆட்டோ. மலையை விட்டு இறங்குகிறான். வேலைப் படிநிலையில் பெரிதாக ஏறுவதில்லை. வில்லிஸ் பாதி சரி என்பேன்.

பொகவந்தலாவ ஆசிரியர் மீண்டும்: அவர் உழைக்கிறவர், எப்படியும் வெட்டட்டும். என் வகுப்பில் 15 வயதுப் பிள்ளை யாருக்குக் காட்டுகிறான்?

நோர்வூட் தம்பிக்கு. தீபாவளிக்கு வந்து இறங்கும் அண்ணன்மாருக்கு. படித்து ஆசிரியரானவரைவிட அந்த அண்ணன்தான் அவனுக்குக் கிட்டத்தில் தெரிகிறான்.

பதுளை மாணவர்: அப்படியானால் தோட்ட வேலையை மறுப்பது எதிர்ப்புதானே?

மறுப்பு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது முடியில் இல்லை, வேலைக்குப் போகாததில் இருக்கிறது. அதை முடிக்குள் ஏன் தேடுகிறீர்கள்?

பண்டாரவளை: எல்லாம் பையன்களாகவே இருக்கிறதே, பெண் பிள்ளைகள் எங்கே?

இத்தனை நேரம் இதற்குத்தான் காத்திருந்தேன். 1976இல் அஞ்சலா மக்ரொபியும் ஜெனி கார்பரும் இதையே கேட்டார்கள். ஆய்வாளர்கள் தெருமுனையில் நின்று பார்த்ததால் பையன்களே கண்ணில் பட்டார்கள். பெண் பிள்ளைகளின் கலாசாரம் படுக்கையறையில், சுவர்ப் படமும் பாட்டும் தோழியுமாக நடந்தது என்றார்கள். இதை அப்படியே மலைக்குக் கொண்டுவர முடியாது. லயத்தில் 10க்கு 12 அடிக் காம்பரா ஒன்றில், அந்த ஒரே அறையில், அம்மா, அப்பா, அப்பாயி, தம்பி எல்லாரும் படுக்கிறார்கள். இழுத்துச் சாத்த அவளுக்கென்று கதவு இல்லை. மேல் கணக்கிலிருந்து, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து, பாடசாலைக்கு இறங்கும் பாதையைப் பாருங்கள்: இரண்டு பிள்ளைகள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பிரித்துக்கொண்டு போகும். கோயில் திருவிழா, டியூசன் வாசல், வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பு, இவையும் அவர்களின் இடங்கள். போனுக்குள் ஓர் அறை கிடைத்தது என்பார்கள்; அந்தப் போன் பல வீடுகளில் அண்ணனுடையது, பார்த்ததை அழித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். எதை அழிக்கிறாள், எதை விடுகிறாள் என்பதிலேயே ஓர் ஆய்வுக்கு விஷயம் இருக்கிறது. பெண் பிள்ளை ஒருவர்தான் செய்ய வேண்டும்.

கொட்டகலை: உபகலாசாரம் என்றால் என்ன? சுருக்கமாக.

மேலே.

மஸ்கெலியா: காமன் கூத்து இளைஞர் உபகலாசாரமா?

இல்லை. பையன்கள் ஆடினாலும் அது முழுத் தோட்டத்தின் சடங்கு. நாட்டாரியல் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

ஹப்புத்தளை: டிக்டொக் காலத்தில் இந்தப் பழைய கோட்பாடுகள் எதற்கு?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மஃபெசொலி 1988இலேயே நிலையான குழுக்கள் போய், சேர்ந்து கலைகிற 'குலங்கள்' வந்துவிட்டன என்றார். அன்டி பெனட் 1999இல் அதை இளைஞர் இசைக்குப் பொருத்தினார். ஹப்புத்தளையில் இருந்துகொண்டு கொரியப் பாட்டுக்கு ஆடும் பிள்ளைக்கு இது பொருந்தும். ஆனால் குலம் மாறலாம், முகவரி மாறாது. டேட்டா கார்ட் யார் காசில் என்று கேளுங்கள், வர்க்கம் திரும்பி வந்துவிடும்.

கினிகத்தேனை: உபகலாசாரம், ஐந்து குறிப்புகள்…

வெள்ளிக்கிழமை ஒப்படை இன்னும் எத்தனை பேருக்கு?

பதுளை மாணவர்: இறுதியாண்டு ஆய்வுக்கு ஆட்டோ நிறுத்தத்தையே எடுக்கலாமா?

எடுங்கள். முதல் மாதம் கேள்விக்கொத்து வேண்டாம், தேநீர் குடித்துக்கொண்டு உட்காருங்கள். யார் முறை வைத்து ஓட்டுகிறார்கள், யாருக்கு லீசிங் கட்ட வேண்டும், யார் பின்கண்ணாடியில் எந்த நடிகர் என்று எழுதிவையுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சிறிய டவுனில் ஸ்டிக்கரைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும், அதையும் மாற்றுங்கள். எழுதியதை நோர்வூட் தம்பி மாதிரி ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு மேற்பார்வையாளரிடம் கொடுங்கள்.