படகில் யார் இருக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

பழைய சீனத் தத்துவமான தாவோ பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். எதையும் எடைபோடாதே என்பது கேட்க நன்றாக இருக்கிறது. என் மனமோ காலையில் எழுந்தது முதல் எல்லோருக்கும் மார்க் போட்டுக்கொண்டே இருக்கிறது. தாமதமாக வரும் சக ஊழியர் சோம்பேறி, செருப்பை வாசலில் இறைத்துப் போடும் மருமகள் பொறுப்பில்லாதவள். இதை விட்டுவிட்டால் தப்பைத் தப்பென்று யார்தான் சொல்வது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் வாழ்ந்த தாவோ ஞானி சுவாங்சு. அவர் பெயரிலுள்ள நூலின் 20ஆம் அத்தியாயத்தில் ஒருவன் ஆற்றைக் கடக்கிறான். ஆளில்லாத படகு ஒன்று வந்து முட்டுகிறது. எவ்வளவு முன்கோபியானாலும் அவனுக்குக் கோபம் வராது. அதில் ஓர் ஆள் இருந்துவிட்டால்? விலக்கு, விலக்கு என்று கத்துவான். மூன்றாவது முறை வசவுதான் வரும்.

மழை பெய்தால் எங்கள் கூடத்தில் ஒரு மூலை ஒழுகும். வாளியை வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். மேல்வீட்டுக்காரர் மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிந்தாலும் அதே மூலைதான், அதே வாளிதான். ஆனால் அன்று முழுக்க மனசுக்குள் அவரோடு சண்டை, சாப்பாடு இறங்காது. ஒழுகியது தண்ணீர் மட்டும்தான். அவருடைய திமிர், என்மேல் அவருக்குள்ள அலட்சியம், இதெல்லாம் நானாகச் சேர்த்தது.

பலர் இந்தக் கதையை 'எதிரே வருபவரைக் காலிப் படகாக நினை' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தன்னையே காலியாக்கிக்கொண்டு உலகில் உலவுபவனை யாரால் என்ன செய்ய முடியும் என்றல்லவா நூல் கேட்கிறது? அப்படியானால் இறங்க வேண்டிய ஆள் நம் படகில் இருக்கிறார். மார்க் போடுபவர் அவர்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2ஆம் அத்தியாயத்தில் சுவாங்சு கேட்கிறார்: ஈரத்தில் படுத்தால் மனிதனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், அயிரை மீனுக்கு அப்படி ஆகுமா? அதற்காக நம்மை ஈரத்தில் படுக்கச் சொல்லவில்லை. காய்ந்த இடம் எனக்குத் தேவை என்று தாராளமாகக் கேட்கலாம். 'நீங்கள் பத்தரைக்கு வந்தால் அதுவரை நான் ஒருத்தியே சமாளிக்க வேண்டியிருக்கிறது' என்று அந்தச் சக ஊழியரிடமே சொல்லுங்கள். அந்த வாக்கியத்தில் 'சோம்பேறி'க்கு வேலையே இல்லை.

போன வாரம் நானும் மேலே போய் 'தொட்டி வழியுது சார்' என்று மட்டும் சொன்னேன். அவர் ஓடிப்போய் மோட்டாரை அணைத்தார். கீழே வந்து வாளியைக் கொட்டிவிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் மனம் மறுபடி மாடியேறியது. அதையும் திட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பசித்தது.