ராமநாதபுரத்து மழையும் வெயிலும்: கேட்டவர்களுக்குப் பதில்

ராமநாதபுரம் மாவட்டத்து மழை, வெயில், காற்று பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், முதுகுளத்தூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. ‘தண்ணியில்லாக் காடு’ என்று அலுவலகத்தில் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். மழையே பெய்யாதா?

பெய்யும் சார். வருஷத்துக்குச் சராசரியாக 800 மி.மீ.யை ஒட்டிப் பெய்கிறது. லண்டனில் ஏறக்குறைய 600தான். ஆனால் அங்கே வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். இங்கே பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதிலும் நாலைந்து சுற்றில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் வெயிலும் காற்றும் உறிஞ்சிக்கொள்ளும். தரை தட்டை, கண்மாய்கள், அதாவது ஏரிகள், எல்லாம் பரந்து கிடக்குமே தவிர ஆழம் கிடையாது. பல ஊர்களில் நிலத்தடி நீரும் உவர். ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்’ என்பார்கள். நாரையே பறந்து கடக்க முடியாத அகலம் என்று அர்த்தம். அந்த அகலத்துக்கு வெட்டி வைத்தும், ஐப்பசி கார்த்திகை ஏமாற்றினால் பங்குனியில் அடியில் வெடிப்புதான் தெரியும்.

குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது. தினமும் வரும் என்று நம்பி வீடு பிடிக்காதீர்கள். தொட்டி பெரிதா என்பதை முதலில் பாருங்கள், வாடகையை அப்புறம் பேசலாம்.

ஜூன் மாதம் கேரளத்தில் அப்படிக் கொட்டுகிறதே, நமக்கு ஏன் வெறும் காற்று மட்டும் வருகிறது?

நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. தென்மேற்குக் காற்று மலை ஏறும்போதே ஈரத்தை அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்துவிடுகிறது. ஆடியில் கண்ணில் மண்ணை அள்ளிப் போடுவது அந்தக் காற்றுதான். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

ஆனாலும் ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடி மழை உண்டு. கிழக்கேயிருந்து வரும் கடல்காற்றும் மேற்கேயிருந்து வரும் மேல்காற்றும் உள்நாட்டில் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் திரளும். அதற்கு நியாயம் கிடையாது. பரமக்குடியில் தெரு நிறைய ஓடும், சாயல்குடியில் ஒரு சொட்டு விழாது.

அண்ணே, கடலாடிப் பக்கம் எங்களுக்கு மானாவாரி நெல். போன வருஷம் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு போட்டு, முளைத்தது அத்தனையும் கருகிவிட்டது. எந்தத் தேதியில் விதைப்பது? போனில் பார்த்தால் தினமும் மழைப் படம் காட்டுகிறது.

தம்பி, போனில் இருக்கும் மேகப் படத்தை நம்பி விதைக்காதீர்கள். அது ஒரு பெரிய பரப்புக்கு மொத்தமாகச் சொல்லும் கணிப்பு, உங்கள் வயலுக்குச் சொல்வது அல்ல.

புழுதியில் கிடக்கும் விதை காய்ந்த மண்ணில் சில வாரம் தாங்கும். கெடுப்பது அரைகுறை மழைதான். புரட்டாசியில் ஓர் இடி மழை வந்து முளைக்க வைத்துவிட்டுப் போய்விடும், அடுத்த மழைக்குள் பயிர் போய்விடும். உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். சில வருஷம் ஒரு வாரம் முன்னே, சில வருஷம் நவம்பர் வரை இழுக்கும். நாள்காட்டியை விடக் காற்றைப் பாருங்கள். மேல்காற்று ஓய்ந்து, கிழக்கேயிருந்து கொண்டல் நிலையாக வீச ஆரம்பித்தால் பருவம் மாறுகிறது என்று அர்த்தம். சென்னை வானிலை மையம் ‘பருவமழை தொடங்குவதற்கான சூழல்’ என்று சொல்வதும் ஏறக்குறைய அப்போதுதான்.

என்னைக் கேட்டால் நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம். பாதியைப் புரட்டாசிக் கடைசியில், மீதியைக் காற்று திரும்பிய பிறகு விதையுங்கள். குறுகிய வயது ரகம்தான் இதற்குச் சரிப்படும்.

நாங்கள் பாம்பன். ஆடியில் தென்கடலில் இறங்க முடியவில்லை, கார்த்திகையில் வடகடலில் முடியவில்லை. என்ன கணக்கு இது?

உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்! மற்றவர்களுக்காக எழுதுகிறேன். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணைப் பக்கம். மேற்கேயிருந்து கச்சானும் தெற்கேயிருந்து சோளகமும் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், தீவு மறைப்பதால் வடகடல் அடங்கியிருக்கும். வடக்கேயிருந்து வாடை வந்தால் தலைகீழ்.

சீமைக்கருவேலம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் மழை இல்லை என்கிறார்களே, ஐயா?

இல்லை. நம் மழை வங்கக் கடலிலிருந்து வருகிறது, ஒரு மரம் அதைத் தடுக்காது. கண்மாய்க்குள்ளும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலிலும் அடைத்துக்கொண்டு, பெய்த மழை வந்து சேராமல் செய்கிறது என்பது வேறு, அது உண்மை. கண்மாயில் வெட்டுங்கள். அதே சமயம் அந்த மரத்தை எரித்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம் என்பதையும் மறக்க வேண்டாம்.

2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்ததே? அவ்வளவு பெய்தும் தண்ணீர்ப் பஞ்சம் ஏன்?

நவம்பர் 20. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் மட்டும் 19 செ.மீ. மேகம் நகராமல் ஒரே இடத்தில் கொட்டியது. ஆனால் விழுந்தது தீவில். அங்கே பெரிய கண்மாய்க்கு ஏது இடம்? பெரும்பகுதி கடலுக்குத்தான் போனது. உள்நாட்டுக் கண்மாய்களுக்கு அதனால் பலனில்லை.

மணலில் இறங்கியது வீண் என்று சொல்ல மாட்டேன். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விட இலேசு, அதனால் மணலுக்கு அடியில் அதன் மேல் மிதந்து நிற்கும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் குழி தோண்டிக் குடிக்கிறார்களே, அந்தத் தண்ணீர் இதுதான். பேராசைப்பட்டு மோட்டார் வைத்து இழுத்தால் கீழேயிருந்து உப்பு ஏறிவிடும்.

எல் நினோ வந்தால் நமக்குப் பஞ்சமா?

எல் நினோ என்பது பசிபிக் கடல் நீர் வழக்கத்தை விடச் சூடாவது. செய்தியில் பயமுறுத்துவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை வைத்து. எல் நினோ வருஷங்களில் தமிழ்நாட்டு வடகிழக்கு மழை பல சமயம் நன்றாகவே இருந்திருக்கிறது. 2015ஐ நினைத்துப் பாருங்கள். மறு வருஷம், 2016ல், எல் நினோ போன பிறகு, மாநிலத்தில் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்தது. உத்தரவாதம் எதுவும் கிடையாது, ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் ஆட்டை விற்றுவிடாதீர்கள்.

குண்டு மிளகாய் போட்டிருக்கிறோம். தை மழை நல்லதா கெட்டதா?

மிளகாய்க்கு இலேசான தூறல் என்றால் பாதகமில்லை அக்கா. 2021 ஜனவரி மாதிரி விடாமல் பெய்தால் வேர் அழுகும், பக்கத்தில் அறுவடைக்கு நிற்கும் நெல்லும் சாய்ந்து முளைத்துவிடும். வயலில் தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டி வையுங்கள், வேறு வழியில்லை. மாசிக்குப் பிறகு காயப் போட வெயில் தாராளமாகக் கிடைக்கும்.

குடும்பத்தோடு ராமேஸ்வரம் வரலாம் என்றிருக்கிறோம். எந்த மாதம்?

ஜனவரி கடைசி, பிப்ரவரி. மே மாதம் வந்தாலும் கடல்காற்று இருப்பதால் பரமக்குடி அளவுக்குச் சுடாது, ஆனால் சட்டை பிழியப் பிழிய வேர்க்கும். நவம்பரில் வருவதாக இருந்தால் திரும்புகிற டிக்கெட்டை ரத்து செய்யக்கூடிய மாதிரி போடுங்கள்.