படைப்பெழுத்து படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம்: எதில் சேர்வது?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடிக்கிறேன். சிறுகதை எழுதுவதிலேயே என் மனம் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்துள்ளது. ஒன்று, புகழ்பெற்ற எழுத்தாளர்கள் கற்பிக்கும் பெரிய பல்கலைக்கழகம். படைப்பெழுத்திலேயே இளநிலைப் பட்டம் தருகிறார்கள், ஆனால் முழுக் கட்டணத்துக்கும் கடன் வாங்க வேண்டும். மற்றது, அதிகம் அறியப்படாத சிறிய கல்லூரி. இலக்கியப் பட்டம், அதனுடன் படைப்பெழுத்து வகுப்புகள், கட்டணத்தில் பாதிக்கு உதவித்தொகை. உடனே முன்பணம் கட்டாவிட்டால் பெரிய இடம் கைவிட்டுப் போய்விடும் என்று சேர்க்கை முகவர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், சிறிய கல்லூரியில் சேர்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் முடிவெடுப்பதற்கு முன், ஒரு செமஸ்டரில் உங்கள் படைப்பு எத்தனை முறை வகுப்பில் விவாதிக்கப்படும், அதைப் படித்துக் குறிப்பெழுதித் தரப்போகிறவர் யார் என்பதை இரு துறைகளிடமும் நீங்களே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் பெறுங்கள். முகவர் வழியாகக் கேட்க வேண்டாம். அவர் கொண்டுவரும் பதில் துறையினுடையதா அவருடையதா என்று உங்களுக்குத் தெரியாது.

இதை ஏன் முதலில் கேட்கச் சொல்கிறேன் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். பட்டறை வகுப்பு, அதாவது மாணவர்கள் ஒருவர் கதையை ஒருவர் படித்து விவாதிக்கும் வகுப்பு, வாரம் ஒருமுறை கூடி, ஒவ்வொரு முறையும் மூன்று மாணவர்களின் கதைகளை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அறிமுகத்துக்கும் இறுதி ஒப்படைப்புக்கும் போக 10 வாரங்கள் மிஞ்சினால், மொத்தம் 30 முறைதான் கதைகள் மேசைக்கு வரும். வகுப்பில் 15 பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு முறை கிடைக்கும். 30 பேர் இருந்தால் ஒரே முறை, அதுவும் செமஸ்டர் முடிகிற நேரத்தில் வந்தால் திருத்தி மீண்டும் காட்ட வழியிருக்காது. வகுப்பின் அளவை விளம்பரக் கையேட்டில் அச்சிடுவதற்குப் பல்கலைக்கழகங்களுக்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வளாகத்துப் புல்வெளியின் படத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறவர்களால் அந்த ஓர் எண்ணுக்கு அரை வரி ஒதுக்க முடிவதில்லை.

முடிந்தால், அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரிடம் அவருக்குத் திரும்பி வந்த கதையின் ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில், 'இந்த இடத்திலேயே தாய்க்கு உண்மை தெரிந்துவிட்டதென்றால், அடுத்த உரையாடல் எதற்கு?' என்பது போன்ற குறிப்பு இருந்தால், யாரோ ஒருவர் அந்தக் கதையை உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று பொருள். மொழி, அமைப்பு, பாத்திரம் என்ற கட்டங்களில் டிக் அடித்து, அடியில் 'நன்று, தொடர்ந்து எழுதுக' என்று மட்டும் இருந்தால், அந்த வகுப்புக்காகக் கடன் வாங்காதீர்கள்.

புகழ்பெற்ற பெயர்களைப் பற்றி: ஆசிரியர் பட்டியலில் இருக்கும் ஒருவர் அந்த ஆண்டு விடுப்பில் இருக்கலாம், ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவுக்காக மட்டும் வருகிறவராக இருக்கலாம், முதுநிலை மாணவர்களுக்கு மட்டுமே வகுப்பெடுக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டறைகள் பலவற்றை முதுநிலை மாணவர்களே நடத்துகிறார்கள். இத்துறையில் பெரும்பெயர் எடுத்தவையும் முதுநிலைப் படிப்புகளே. 1936 இல் தொடங்கிய அயோவா எழுத்தாளர் பட்டறை முதுநிலைப் பட்டம் தருவது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970 இல் தொடங்கியதும், 2017 இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோ படித்ததும் முதுநிலைப் படிப்புதான். இளநிலையில் சேர்பவருக்கு அந்தப் புகழில் பங்கு கிடைப்பதில்லை, கட்டணத்தில் மட்டும் கிடைக்கிறது.

பின்னாளில் முதுநிலைக்குப் போக விரும்பினால், சேர்க்கையில் பெரிதும் எடைபோடப்படுவது நீங்கள் அனுப்பும் கைப்பிரதி. இளநிலைப் பட்டம் படைப்பெழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்சனர் மையம் போன்ற சில இடங்கள், தேர்வாகும் அனைவருக்கும் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவையும் ஏற்கின்றன. அந்தக் கட்டத்தில் இலவசமாகக் கிடைக்கக்கூடிய ஒன்றின் நிழலுக்காக இப்போதே கடன்படுவது அவசியமில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் முதன்மை வடிவம் சிறுகதை அல்ல, நாடகம் என்றால், என் கணிப்பு மாறும். தாளில் சரியாகத் தெரிகிற வசனம், ஒரு நடிகர் அதை வாய்விட்டுச் சொல்லும்போது மூச்சு முட்டி நிற்கும். அந்தக் கோளாறை வகுப்புத் தோழர்களின் கருத்துகளால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நடிப்புப் பயிலும் மாணவர்களும் இயக்கத் தெரிந்தவர்களும் ஒத்திகைக்கு ஓர் அறையும் வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தில் இவை இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நாடகத் துறை இருப்பது மட்டும் போதாது. அரங்கம் இருந்தும் இளநிலை மாணவர்களின் பிரதிகளுக்கு அதில் இடமில்லாத கல்லூரி, இந்த விதிவிலக்கில் அடங்காது. ஆகவே சென்ற ஆண்டு மேடையேறிய மாணவர் நாடகங்கள் எத்தனை, அவற்றில் இளநிலை மாணவர் எழுதியவை எத்தனை என்று கேளுங்கள். கதையும் எழுதுவேன், எப்போதாவது நாடகமும் எழுதுவேன் என்பவருக்கு இது பொருந்தாது. உங்கள் கடிதத்தில் நாடகம் பற்றி ஒரு வரியும் இல்லை.

இனி முகவர். அவருக்கு உங்களிடமிருந்து பணம் வராவிட்டாலும், நீங்கள் சேரும் நிறுவனத்திடமிருந்து கமிஷன் வரக்கூடும். மாணவர் எண்ணிக்கைக்கேற்ப ஆள்சேர்ப்பவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுப்பதை, மத்திய அரசின் மாணவர் நிதியுதவியைப் பெறும் கல்லூரிகளுக்கு அமெரிக்கச் சட்டம் 1992 இல் தடை செய்தது; ஆனால் அந்த உதவிக்குத் தகுதியற்ற, வெளிநாட்டில் வசிக்கும் மாணவர்களை அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்தது. உள்நாட்டு மாணவருக்குத் தீங்கு என்று கருதப்பட்ட ஒன்று வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் எப்படித் தீங்கற்றதாகும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள்தான் சொல்ல வேண்டும். எந்தெந்தக் கல்லூரிகளுடன் உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். சிறிய கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அவருடைய அவசரத்துக்குக் காரணம் தெரிந்துவிடும். எழுத்து மாதிரிகளை மெருகேற்றித் தருகிறோம் என்று கட்டணம் கேட்கும் முகவர்களும் இருக்கிறார்கள். அடுத்தவர் எழுதியது என்று தெரியவந்தால் கிடைத்த இடமே ரத்தாகலாம். பணம் கட்டினால் கதையைத் தொகுப்பில் சேர்க்கிறோம் என்பவர்களிடமும் போகாதீர்கள். தேர்வுக் குழுவினருக்கு அந்தத் தொகுப்புகளின் தரம் தெரியும்.

சிறிய கல்லூரியின் அங்கீகாரத்தையும் நிதி நிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியாவின் கலைப் பல்கலைக்கழகம் 2024 மே 31 அன்று அறிவித்து, ஜூன் 7 அன்று மூடியது. மாணவர்களுக்குக் கிடைத்தது ஒரே வாரம்.

முன்பணத்துக்கான கடைசி நாளை முகவர் வாயால் கேட்டு நம்ப வேண்டாம். அது சேர்க்கைக் கடிதத்திலேயே இருக்கும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் அது மே 1. நாள் நெருங்கிவிட்டிருந்தால், துறையின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று குறிப்பிட்டுச் சேர்க்கை அலுவலகத்திடம் நேரடியாகக் கூடுதல் அவகாசம் கேளுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.