விருது வந்தபோது கடை திறந்திருந்ததா? விருது, பேர், வசூல்: கேள்வி பதில்

மீரான் சாகிப் தெருவில் ஒரு விநியோக அலுவலகத்தில் பதினோரு வருடம் கணக்கு பார்த்தேன். இரவுக் காட்சி முடிந்ததும் தியேட்டர்களிலிருந்து வரும் டிசிஆர் (தினசரி வசூல் அறிக்கை) எண்களை நோட்டில் ஏற்றுவதுதான் வேலை. இப்போது ஆறு வருடமாகப் பெருங்குடியில் ஒரு சின்ன கேம் நிறுவனத்தில் விற்பனைப் பக்கம் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: விருது வாங்கினால் ஓடுமா? வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது வசூல் பக்கம் மட்டும்தான். எந்தப் படத்துக்கு விருது கொடுத்தது சரி, எது தப்பு என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

வேளச்சேரி, கல்லூரி மாணவர்: தேசிய விருது கிடைத்தால் தமிழ்ப் படத்தின் வசூல் கூடுமா?

விருதின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அது வந்த தேதியைப் பாருங்கள். அன்றைக்கு டிக்கெட் கவுன்ட்டர் திறந்திருந்ததா?

'ஆடுகளம்' 2011 பொங்கலுக்கு வந்தது. ஆறு தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டது மே மாதம். அதற்குள் படம் ஓடி முடித்துவிட்டது. அந்த ஆறு விருதுகளும் படக்குழுவுக்குப் பெருமை சேர்த்தன, அடுத்த படங்களுக்குக் கதவைத் திறந்தன. ஆனால் ஆடுகளத்தின் தியேட்டர் கணக்கில் அவற்றால் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்க வழியில்லை.

பீட்சாவுக்கு ஏங்கும் இரண்டு சிறுவர்களின் கதையான 'காக்கா முட்டை' நேர் எதிர். தேசிய விருதுக்குப் படம் வெளியான தேதியைப் பார்ப்பதில்லை, சென்சார் சான்றிதழ் தேதியைத்தான் பார்க்கிறார்கள். அதனால் 2014 கணக்கில் போன அந்தப் படத்துக்கு 2015 மார்ச்சிலேயே சிறந்த குழந்தைகள் படம், சிறந்த குழந்தை நட்சத்திரம் என்று விருதுகள் வந்துவிட்டன. படம் வெளியானது ஜூன் 5. போஸ்டர் ஒட்டும்போதே விருது கையில் இருந்தது.

அந்தப் படம் எங்கள் அலுவலகம் வாங்கியது இல்லை. ஆனாலும் முதல் ஞாயிறு குரோம்பேட்டையில் ஒரு தியேட்டர் வாசலில் போய் நின்றேன். ஒரு அப்பா போஸ்டரில் இருந்த விருது வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "தேசிய விருது வாங்கின பசங்களாம்டா" என்றார். பையன் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. "இது அந்த பீட்சா படம்தானேப்பா?" என்று கேட்டான். நான்கு டிக்கெட் போனது. அப்பாவுக்கு விருது தைரியம் கொடுத்தது, பையனுக்கு பீட்சா போதுமாக இருந்தது. அடுத்த வாரமே 'ஜுராசிக் வேர்ல்டு' வந்து இறங்கியது. அப்படியும் படம் நின்றது என்றால், அது பார்த்தவர்கள் வெளியே போய்ச் சொன்னதால்தான். விருது முதல் டிக்கெட்டை விற்றுக் கொடுக்கும். இரண்டாவது வாரத்தைப் படம்தான் சம்பாதிக்க வேண்டும்.

அம்பத்தூர், ஐடி ஊழியர்: கேம்களிலும் இதே கணக்குதானா? தி கேம் அவார்ட்ஸ் வாங்கினால் விற்பனை ஏறுமா?

கேமுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. கடையை மூடுவதே இல்லை. கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஒரு கேம் வருடக்கணக்கில் விற்பனையில் இருக்கும். விருது வந்த அதே நிமிடம் அதை வாங்கலாம், அந்த வாரமே தள்ளுபடியும் போடலாம். தள்ளுபடி போட்டதும், பிறகு வாங்கலாம் என்று விஷ்லிஸ்டில் குறித்து வைத்திருப்பவர்களுக்கெல்லாம் மெயில் போகும். எங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய ஆயுதம் அதுதான்.

'பலாட்ரோ' என்ற சீட்டுக்கட்டு கேமை உருவாக்கியவர் ஒற்றை ஆள். 2024 பிப்ரவரியில் வந்தது. டிசம்பரில், வருடாவருடம் கேம்களுக்கு விருது கொடுக்கும் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் மூன்று விருதுகள். அந்தச் சமயத்தில் விற்பனை 35 லட்சம் என்றார்கள், ஜனவரியில் 50 லட்சம் என்றார்கள். இந்தப் 15 லட்சத்தையும் விருதின் கணக்கில் எழுதாதீர்கள். நடுவில் கிறிஸ்துமஸ் விற்பனைக் காலம் இருந்தது, மொபைலிலும் அப்போது கேம் கிடைத்துக்கொண்டிருந்தது. சரியான நேரத்தில் வந்த விருது, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதிவிட்டது.

'அமாங் அஸ்' கதை தலைகீழ். 2018இல் வந்தபோது சீண்ட ஆளில்லை. 2020 ஊரடங்கில் ஸ்ட்ரீமர்கள் (தாங்கள் விளையாடுவதை ஆன்லைனில் நேரலையாகக் காட்டுபவர்கள்) கையில் எடுத்ததும் உலகமே விளையாடியது. விருதுகள் அதற்கு அப்புறம், அந்த வருட டிசம்பரில்தான் வந்தன. அங்கே கூட்டம்தான் விருதை அழைத்து வந்தது.

பாராட்டு மழை பெய்தும் விற்காமல் போனதற்கு உதாரணம் 'ஒகாமி'. 2006இல் அந்த வருடத்தின் சிறந்த கேம் என்று சிலர் முடிசூட்டினார்கள். விற்பனை மோசம். அதைச் செய்த க்ளோவர் ஸ்டூடியோவை 2007இல் மூடிவிட்டார்கள். அன்றைக்கு கேம் என்றால் கடை அலமாரியில் இருக்கும் டிஸ்க். அலமாரியிலிருந்து இறக்கினால் கதை முடிந்தது. பின்னால் டிஜிட்டலில் மறுபடி மறுபடி வெளியிட்டபோதுதான் அது நிறையப் பேரிடம் போய்ச் சேர்ந்தது.

பெரம்பூர்: 60,000 ரூபாய்க்குள் நல்ல கேமிங் லேப்டாப் எது?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கிக் கேளுங்கள். எனக்கு அதில் அனுபவம் இல்லை.

வடபழனி, குறும்பட இயக்குநர்: எங்கள் படம் வெளிநாட்டு விழா ஒன்றில் தேர்வாகியிருப்பதாக மெயில் வந்தது. சான்றிதழுக்கும் கோப்பைக்கும் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். நுழைவுக் கட்டணம் நல்ல விழாக்களிலும் உண்டு, அது வேறு. ஜெயித்த பிறகு கோப்பைக்குக் காசு கேட்டால் அது விருது இல்லை, வியாபாரம். படம் உண்மையிலேயே ஒரு அரங்கில், ஆட்கள் முன்னால் திரையிடப்படுமா என்று கேளுங்கள். போன வருடம் அந்த விழாவில் ஜெயித்த படங்களின் பட்டியலைக் கேளுங்கள். ஒரே மாதத்தில் எண்பது பேருக்கு 'சிறந்த இயக்குநர்' கொடுத்திருந்தால் உங்களுக்கே புரியும்.

ஒரு தம்பி என்னிடம் கொண்டுவந்த போஸ்டரில் இருபத்தேழு இலை வளைய முத்திரைகள் இருந்தன. நடிகையின் முகம் பாதி மறைந்திருந்தது. எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டியிருந்தான், அம்மாவின் வளையலை அடகு வைத்து. அந்தப் பணத்தில் இன்னொரு படமே எடுத்திருக்கலாம். அன்று மனசு மிகவும் வலித்தது. அதனால்தான் இதை எங்கே போனாலும் சொல்கிறேன்.

தாம்பரம் பக்கம், தியேட்டர் மேலாளர்: போஸ்டரில் விருது முத்திரை இருந்தாலே எங்கள் ஆட்கள் "அவார்டு படமா?" என்று திரும்பிப் போகிறார்கள். இந்தப் படங்களை ஓடிடிக்குக் கொடுத்துவிடலாமே? எங்கள் ஸ்கிரீன் ஏன் காலியாக ஓட வேண்டும்?

சார், நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. 'அவார்டு படம்' என்ற சொல்லே நம் ஊரில் ஒரு எச்சரிக்கைப் பலகை மாதிரி ஆகிவிட்டது. மெதுவாகப் போகும், அழ வைக்கும், பாட்டு இருக்காது என்று அர்த்தம். வெளிநாட்டிலும் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கோவாக்ஸ், ஷார்க்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் வாசகர் மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். பரிசு வாங்கிய நாவல்களைப் படிப்பவர்கள் கூடினார்கள், ஆனால் கிடைத்த மதிப்பெண் இறங்கியது. அந்த வகை எழுத்தே பிடிக்காதவர்களும் பரிசைப் பார்த்து வாங்கிப் படித்து ஏமாந்ததுதான் காரணம். தவறான ஆளை உள்ளே இழுத்துவந்தால் விருதே எதிரியாகிவிடும்.

மற்றப் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். 'விசாரணை' 2015இல் வெனிஸ் விழாவுக்குப் போய்வந்து 2016 பிப்ரவரியில் நம் தியேட்டர்களுக்கு வந்தது. அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அப்போது யாரும் ஸ்கிரீன் காலி என்று சொல்லவில்லை.

சாலிகிராமம், உதவி இயக்குநர்: மேலாளர் அண்ணன் எத்தனை மணிக் காட்சி கொடுத்தார் என்று கேளுங்கள். காலை 10 மணிக்கு ஒரு ஷோ போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்றால் எப்படி?

தாம்பரம் மேலாளர்: தம்பி, கரன்ட் பில்லும் சம்பளமும் நான் கட்டுகிறேன். 2024 ஆகஸ்ட் 23 ஒரே நாளில் 'கொட்டுக்காளி'யும் 'வாழை'யும் வந்தன. ஜனங்கள் எதற்கு வந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

நல்ல உதாரணத்தை எடுத்தீர்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மற்றக் கேள்விகள் காத்திருக்கட்டும்.

'கொட்டுக்காளி'யின் இயக்குநர் அதற்கு முன்னால் எடுத்த 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மை விருதான டைகர் விருதை வாங்கியது, அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் தேர்வும் அதுதான். ஆனால் நம் ஊர் ஜனங்கள் அதை ஓடிடியில் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விருதின் சூடு இரண்டரை வருடம் இருக்குமா? கடை மூடியிருந்தபோது வந்த விருது அது. 'கொட்டுக்காளி' பெர்லின் விழாவுக்குப் போய்வந்து ஆறு மாதத்தில் தியேட்டருக்கு வந்தது, அந்த வகையில் சரியான வேகம். ஆனால் பின்னணி இசையே இல்லாத படம் அது. சூரியின் முகத்தைப் பார்த்து வேறொன்றை எதிர்பார்த்து வந்தவர்கள் உள்ளே தவித்தார்கள். 'வாழை' ஒரு சிறுவனின் கதை, கண்ணீரோடு வெளியே வந்தவர்கள் அடுத்தவரை அனுப்பினார்கள். இரண்டுமே தீவிரமான படங்கள்தான். ஜனங்கள் தீவிரத்தைக் கண்டு ஓடவில்லை என்பதற்கு உங்கள் உதாரணமே சாட்சி, சார்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. மேலாளர் மேல் கோபப்படாதே. காலியாகக் கிடக்கும் இருக்கைகளை எண்ணிக்கொண்டு நிற்பது கொடுமையான வேலை. முந்நூறு இருக்கையில் பதினொரு பேர் என்று எத்தனையோ இரவு என் கையால் எழுதியிருக்கிறேன். சின்னப் படத்துக்கு ஐம்பது தியேட்டரில் காலைக் காட்சி வாங்குவதைவிட, ஐந்து தியேட்டரில் மாலை ஆறரைக் காட்சி வாங்கப் போராடு.

தி.நகர்: மாநில அரசு விருது வந்தால் வசூல் கூடுமா?

முதல் பதிலைப் பாருங்கள். தேதியைப் பாருங்கள்.

மடிப்பாக்கம்: ஆஸ்கர்?

இதுவும் தேதிதான், ஆனால் அவர்கள் தேதியைத் திட்டமிட்டுப் பிடிக்கிறார்கள். விருதை எதிர்பார்க்கும் படங்களை வருடக் கடைசியில் இறக்குவதே, பரிந்துரை அறிவிக்கும்போது கவுன்ட்டர் திறந்திருக்க வேண்டும் என்றுதான். 'தி ஹர்ட் லாக்கர்' அமெரிக்காவில் 2009 ஜூனில் வந்தது, டிவிடி 2010 ஜனவரியில் வந்தது, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் மார்ச்சில் வந்தது. அங்கே தியேட்டர் வசூல் சுமார் 1.7 கோடி டாலரோடு நின்றுவிட்டது. 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' 1994இல் தியேட்டரில் படுத்துவிட்டது. ஏழு பரிந்துரைகள், ஒரு விருதுகூட இல்லை. ஆனால் அந்தப் பரிந்துரைகளைச் சொல்லியே வீடியோ கேசட்டைக் கடை கடையாக அனுப்பினார்கள். 1995இல் அங்கே மிக அதிகமாக வாடகைக்குப் போன கேசட்டுகளில் அதுவும் ஒன்று. ஜெயிக்காத பரிந்துரையும் விற்கும், அந்த நேரத்தில் கடை இருந்தால்.

மந்தைவெளி, இல்லத்தரசி: என் மகள் 'வெண்பா' என்று ஒரு சமையல் கேம் விளையாடுகிறாள். அதற்கும் விருதெல்லாம் கிடைத்ததாமே?

கிடைத்தது அம்மா. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டில் பாதி அழிந்திருக்கும், நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதுதான் புதிர். மகளை முந்திக்கொண்டு நீங்களே விடையைச் சொல்லிவிடுவீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்னக் கேம் அது. இப்படிப்பட்ட கேமுக்கு விருது செய்யும் பெரிய உதவி, நாளைக்கு இன்னொரு குழு தமிழ்க் கதையோடு ஒரு பதிப்பாளரிடம் போகும்போது, "இதற்கெல்லாம் யார் இருக்கிறார்கள்" என்ற கேள்விக்குப் பதிலாக நிற்பது. எங்கள் அலுவலகத்திலேயே அது நடந்தது.

அண்ணா நகர்: பெரிய பேர் இருக்கிற இயக்குநர், பெரிய கேம் நிறுவனம் என்றால் விருதே தேவையில்லை அல்லவா?

பேர், வெள்ளி முதல் ஞாயிறு வரை வேலை செய்யும். திங்கள் மதியக் காட்சியில் உட்கார்ந்திருப்பவர்கள் பேருக்கு வந்தவர்கள் இல்லை, படத்துக்கு வந்தவர்கள். நான் நோட்டில் முதலில் பார்ப்பது திங்கள் எண்ணைத்தான்.

'சைபர்பங்க் 2077'க்கு முன்பதிவு மட்டும் 80 லட்சம். முந்தைய கேமான 'விட்சர் 3' வாங்கிக் கொடுத்த பேர் அது. 2020 டிசம்பர் 10இல் வெளியானது, கோளாறுகளைத் தாங்க முடியாமல் எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. மூன்று வருடம் உட்கார்ந்து சரிசெய்து பேரை மீட்டார்கள். அதனால் சொல்கிறேன், தயவுசெய்து கேமை முன்பதிவு செய்யாதீர்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

போரூர்: விமர்சன மார்க்குக்கும் பணத்துக்கும் சம்பந்தம் உண்டா?

'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமைச் செய்த குழுவுக்கு, விமர்சகர்களின் மார்க்குகளைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை.

கொளத்தூர்: விருது வாங்கினால் படம் ஓடுமா?

முதல் பதில்.

ஆவடி: என் குறும்படத்துக்கு ஆன்லைன் விழா ஒன்றில் பணம் கட்டினால்...

வேண்டாம். வடபழனி நண்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். நகையை அடகு வைக்காதீர்கள்.

தாம்பரம் மேலாளர்: சாலிகிராமம் தம்பியின் இயக்குநர் அடுத்து எடுக்கும் படத்துக்கு, வெள்ளியிலிருந்து திங்கள் வரை மாலை ஆறரைக் காட்சி ஒன்று தருகிறேன். போஸ்டரில் விருது முத்திரையைச் சின்னதாகப் போடச் சொல்லுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பெரிதாகப் போடட்டும்.

ரொம்ப நன்றி சார். தம்பி, இதைப் பார்த்ததும் அவரைத் தொடர்புகொள். திங்கள் இரவு டிசிஆர் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்பிவிடு.