ஓஸி உட்கார்ந்தே பாடினார்

கேள்வி: பிளாக் சப்பாத் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் ராக் குழுவின் கடைசிக் கச்சேரியைக் காசு கட்டி இணையத்தில் பார்த்ததாகச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது நேரலையா? எழுந்து நிற்க முடியாத பாடகரிடம் என்ன கிடைத்தது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தாமதம் எனக்கு உறைக்கவே இல்லை, தம்பி. நடந்ததை யாரும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது என்று போனை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். 2025 ஜூலை 5, பர்மிங்ஹாமின் வில்லா பார்க் கால்பந்து மைதானம். அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதிதான் அது. மெட்டாலிகா, கன்ஸ் அன் ரோஸஸ் குழுக்கள் எல்லாம் வாசித்து முடித்து சப்பாத் மேடையேறியபோது இங்கே விடியற்காலை. பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், கிட்டார் டோனி அயோமி, பாஸ் கிட்டார் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட். இந்த நால்வரும் சேர்ந்து வாசித்து 20 வருடம் ஆகியிருந்தது. ஒப்பந்தத் தகராறால் 2013 ஆல்பத்தில்கூட வார்ட் இல்லை.

நான் காத்திருந்தது அயோமியின் வலது கையைப் பார்க்கத்தான். எழுத வருவதற்கு முன் அம்பத்தூரில் பவர் பிரஸ் ஓட்டியவன் நான். அந்த மெஷினில் கை போனால் என்ன ஆகும் என்று தெரியும். அயோமிக்கு 17 வயதில், சீட் மெட்டல் ஃபேக்டரியில் வேலையின் கடைசி நாளில், பழக்கமில்லாத பிரஸ்ஸில் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவது வலது கை. இனி கிட்டார் முடியாது என்று சொன்னவர்கள் உண்டு. அவரோ பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலின் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகள் போட்டார். அப்புறம் அவற்றைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். சப்பாத்தின் அந்தக் கனத்த ஒலியில் பெரும்பங்கு இந்த விரல்களால் வந்தது. கேமரா அருகே போனபோது அந்த உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தின் கடைசி வரிசையில் டிக்கெட் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க முடியாது.

ஓஸிக்கு பார்க்கின்சன் நோய். கறுப்புச் சிம்மாசனத்தில் அமர்ந்து பாடினார். எழப் பார்ப்பார், உடம்பு விடாது. சில இடங்களில் குரல் பிசிறியது. 'வார் பிக்ஸ்' பாட்டு தொடங்கியதும் 40,000 பேர் வரிக்கு வரி கூடப் பாடினார்கள். அவர் கண்ணைப் பார்த்தவர்கள் குரலில் குறை தேட மாட்டார்கள். சப்பாத்தாக நாலே பாட்டுதான். ஜூலை 22-ல் காலமானார், வயது 76.

கட்டிய காசு வீண் என்று எனக்கு ஒருபோதும் தோன்றாது. லாபம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும், பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்துக்கும் என்றுதான் அறிவித்திருந்தார்கள்.

கேள்வி: இதையெல்லாம் போனில் பார்த்தால் போதாதா?
– வாசகி, கோவை

பதில்: படத்துக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. போன் ஸ்பீக்கரில் பட்லரின் பாஸ் காதுக்கே வராது. அது இல்லாமல் சப்பாத் இல்லை. நல்ல ஸ்பீக்கரில் இணைத்துக் கேளுங்கள். வீட்டில் தூங்குகிறார்கள் என்றால் ஹெட்போன்.