கேன்வாஸ் பிரிண்ட்: 1,800-ஆ, 4,500-ஆ?

வணக்கம். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படத்தை 24க்கு 36 இன்ச் கேன்வாஸில் போட ஒரு கடை 1,800, இன்னொரு கடை 4,500 கேட்கிறது, எதில் கொடுக்கலாம் என்கிறீர்கள்.

விலை இருக்கட்டும், படம் வாட்ஸ்அப்பில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பெரிய சிக்கல். சாதாரணமாக அனுப்பிய படம் நீளவாக்கில் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 36 இன்ச்சுக்கு விரித்தால் இன்ச்சுக்கு 44 பிக்சல்தான். எந்தக் கடையில் அடித்தாலும் முகம் மங்கலாகத்தான் வரும். எடுத்தவரிடம் மூலப் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 12 மெகாபிக்சல் படம் என்றால் இன்ச்சுக்கு 111 வரும். கேன்வாஸின் நெசவு சின்னக் குறைகளை மறைத்துவிடும், எனவே அது போதும். மூலப் படம் கிடைக்கவில்லையா? 12க்கு 18 இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, கடைக்காரரிடம் முதலில் மையைப் பற்றிக் கேளுங்கள். பிக்மென்ட் மை, அதாவது நுண்ணிய நிறத் துகள் கலந்த மை, சீக்கிரம் வெளுக்காது. டை மை, அதாவது கரைந்த சாயத்தால் ஆன மை, வெளுக்கும். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் சால்வென்ட் மெஷினிலேயே அடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. அது உழைக்கும், ஆனால் முகத்தின் நிறம் அவ்வளவு நயமாக வராது.

1,800 வெறும் பிரிண்ட்டுக்கா, கேன்வாஸை இழுத்துப் பொருத்தும் மரச் சட்டத்தோடா? சட்டத்தோடு என்றால் எனக்குச் சந்தேகம்தான். இந்த அளவுக்கு நடுவில் குறுக்குக் கட்டை வேண்டும், இல்லாவிட்டால் சட்டத்தின் மெல்லிய ரீப்பர் கட்டை முறுக்கிக்கொள்ளும். ஓரத்தில் படம் மடங்கிப் பின்னால் போகும், அதனால் விளிம்பில் நிற்பவர் யாரென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் முகப் பகுதியை மட்டும் முழு அளவில் ஒரு சின்னத் துண்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.