மான் குறுக்க வந்துச்சு, ஆனா மான் மேல மோதல: பைக் ஆக்ஸிடென்ட் சார்ட்டை எப்படி கோட் பண்றது?

அஸ்தம்பட்டில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. இங்க சேலத்துலயே ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனில (நோய், காயத்தை எல்லாம் ஐசிடி-10-சிஎம்ங்கற அமெரிக்க பட்டியல்படி கோடா மாத்துற வேலை) சேந்து எட்டு மாசம் ஆகுதாம், அமெரிக்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சி சார்ட் பாக்குறாரு. போன வாரம் வந்த கேஸ் இது: பைக் ஓட்டிட்டு போனவன், மான் குறுக்க வந்துச்சு, சடக்குன்னு ஒடிச்சான், ரோட்டோர கார்ட்ரெயில்ல இடிச்சு தூக்கி வீசப்பட்டான். வலது கால்ல டிபியா எலும்போட (முழங்காலுக்குக் கீழ இருக்குற பெரிய எலும்பு) நடுப்பகுதி நொறுங்கி ஓபன் ஃப்ராக்சர் (தோல் கிழிஞ்ச எலும்பு முறிவு), இடது முழங்கைல சிராய்ப்பு, கடைசில "பாசிபிள் கன்கஷன்"னு (மூளை அதிர்ச்சியா இருக்கலாம்னு) டாக்டர் எழுதியிருக்காரு. இவர் கோட் பண்ணி அனுப்புனதுல ஆடிட்ல நாலு எர்ரர். "எங்கக்கா தப்பு பண்ணேன்?"ங்கறாரு.

தம்பி, முதல்ல மானை விடுங்க. நீங்க மிருகத்தோட மோதுனதுன்னு வி20 போட்டிருக்கீங்க. நம்ம ஏற்காடு மலைப்பாதையவே மனசுல ஓட்டிப் பாருங்க, இருபது கொண்டை ஊசி வளைவு. ஒருத்தன் இறங்கி வர்றான், குரங்கு குறுக்க ஓடுது. குரங்கு மேலயே ஏத்திட்டான்னா அது வி20. குரங்குக்காக ஒடிச்சு தடுப்புச்சுவர்ல போய் இடிச்சான்னா வி27, அசையாம நிக்குற பொருள்ல மோதுனது. குரங்கும் படல சுவரும் படல, சும்மா சறுக்கி விழுந்தான்னா வி28, மோதலே இல்லாத விபத்து. மூணுலயும் குரங்கு இருக்கு, ஆனா கோட் வேற வேற, ஏன்னா இந்த கோட் கேக்குறது எதனால பயந்தான்னு இல்ல, எதுல போய் பட்டான்னுதான். உங்க சார்ட்ல பட்டது கார்ட்ரெயில், அதனால வி27.

அடுத்தது நாலாவது எழுத்து. பொது ரோட்டுல வண்டி ஓட்டுனவன்னா 4, பின்னாடி உக்காந்திருந்தவங்கன்னா 5, யாருன்னே எழுதலன்னா 9. இதே விழுறது எஸ்டேட்டுக்குள்ள காப்பிச் செடிக்கு நடுவுல போற தனியார் மண்பாதைல நடந்துச்சுன்னா நான்-ட்ராஃபிக், ஓட்டுனவனுக்கு 0, பின்னாடி இருந்தவங்களுக்கு 1. எங்க நடந்துச்சுன்னு நோட்ல எதுவுமே இல்லன்னா பொது ரோடுன்னே எடுத்துக்கணும், அது ரூல்லயே இருக்கு (ரோட்டுக்கே வராத ஆஃப்-ரோடு வண்டின்னா மட்டும் உல்டா).

இங்க இன்னொரு குழி இருக்குங்க. 2022 அக்டோபர் 1ல இருந்து எலெக்ட்ரிக் சைக்கிளையும் மத்த மோட்டார் சைக்கிளையும் பிரிச்சுட்டாங்க, நாலாவது எழுத்துக்கு அப்புறம் எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு 1, மத்ததுக்கு 9. அதனால உங்களுக்கு வி27.49எக்ஸ்ஏ (எக்ஸ் சும்மா காலி இடத்தை நிரப்புறது). ட்ரெயினிங் இன்ஸ்டிட்யூட்ல குடுத்த பழைய ஜெராக்ஸ் நோட்ஸ்ல வி27.4எக்ஸ்எக்ஸ்ஏன்னு இருக்கும், அதை நம்பி போட்டா செல்லாத கோடுன்னு சிஸ்டமே துப்பிடும், அந்த நோட்ஸை பழைய பேப்பர் கடைல போடுங்க.

ரெண்டாவது எர்ரர் ஏழாவது எழுத்து. ஃப்ராக்சருக்கு எஸ்82.251பி போட்டது ரொம்ப சரி: ஓபன்னு மட்டும் எழுதி கஸ்டிலோ டைப் (ஓபன் ஃப்ராக்சர் எவ்ளோ மோசம்னு சொல்ற வகை) சொல்லலன்னா பி, எலும்பு விலகியிருக்கா இல்லையான்னு எழுதலன்னா விலகினதாவே எடுக்கணும். ஆனா அதே பியை விபத்துக் கோட்லயும் ஒட்டிட்டீங்க பாருங்க. வி கோட்ல ஏ, டி (ஆறிட்டு வர்ற கட்டம்), எஸ் (பின்விளைவு) மூணுதான், பி-ங்கிற பேச்சே கிடையாது. கூடவே ஒண்ணு, 'ஏ'ங்கற எழுத்துக்கு "முதல் தடவை வந்தது"ன்னு அர்த்தம் இல்ல, சிகிச்சை இன்னும் தீவிரமா நடக்குதுன்னு அர்த்தம். இவனையே வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தி அங்க ஆபரேஷன் பண்ணாலும் அங்கயும் விபத்துக்கு ஏ, ஃப்ராக்சருக்கு பிதான். எல்லாம் முடிஞ்சு எலும்பு கூடுதான்னு எக்ஸ்ரே பாக்க வர்றப்போதான் மாறும். எந்த இடத்துல நடந்ததுங்கற ஒய்92 மட்டும் முதல் தடவையோட சரி, திரும்பத் திரும்ப போடக்கூடாது. வி, ஒய் எதுவுமே லிஸ்ட்ல முதல் கோடா வரக்கூடாது, காயம்தான் முதல்ல.

மூணாவது கன்கஷன். எமர்ஜென்சில பாத்துட்டு வீட்டுக்கோ வேற ஆஸ்பத்திரிக்கோ அனுப்புறது அவுட்பேஷன்ட் கணக்கு, அதுல பாசிபிள், ப்ராபபிள், சஸ்பெக்டட் எதையும் இருக்குன்னு கோட் பண்ணக்கூடாது. தலைவலின்னு எழுதியிருந்தா தலைவலி, தலைல அடின்னு மட்டும் இருந்தா எஸ்09.90எக்ஸ்ஏ, அவ்ளோதான். (அட்மிஷன் போட்ட கேஸ்ல டிஸ்சார்ஜ் சம்மரில அப்படி இருந்தா ஆஸ்பத்திரி பில்லுக்கு எடுக்கலாம், அதான் நிறைய பேர் குழம்புறது.) நாம கொஞ்சம் கூடுதலா ஒரு கோட் போட்டா என்ன குறைஞ்சிடும்னு தோணும், ஆனா அந்த ஆளோட ரெக்கார்டுல இல்லாத மூளைக் காயம் ஒண்ணு உக்காந்துக்கும்.

அமெரிக்க டாக்டர்ங்க பாஷையும் பழகணும். "லெய்ட் த பைக் டவுன்"னு எழுதுனா வண்டிய ஓரமா படுக்க வச்சான்னு இல்ல, சாய்ச்சு விழுந்தான்னு அர்த்தம். எம்சிசின்னு இருந்தா மோட்டார்சைக்கிள் க்ராஷ், நம்ம கோடிங்ல சொல்ற மேஜர் காம்ப்ளிகேஷன் எம்சிசி இல்ல. நான் ஆரம்பத்துல இதுல ஒரு தடவ அசிங்கப்பட்டிருக்கேன்.

எழுத்துல ஒரு வார்த்தை விட்டா என்ன ஆகும்னு இங்கயே பாத்தேன். என் சித்தப்பா பையன் டிசம்பர் பனில ஏற்காடு ரோட்டுல பத்தாவது வளைவு தாண்டி விழுந்தான், பின்னாடி உக்காந்திருந்தவன்தான். சேர்த்த ஆஸ்பத்திரில "ஆர்டிஏ (சாலை விபத்து), டூ வீலர்"னு மட்டும் எழுதி விட்டுட்டாங்க. ஓட்டுனது யாரு, எதுல மோதுனீங்க, லைசென்ஸ் காட்டுன்னு இன்சூரன்ஸ்ல கேள்வி மேல கேள்வி, ஒண்ணரை மாசம் அலைஞ்சான்.

டாக்டர்கிட்ட க்வெரி போடுறப்பவும் ஜாக்கிரதை. "டைப் மூணு ஏ தானே?"ன்னு கேட்டா அது வாயில வார்த்தைய திணிக்கிறது. "ஓபன் ஃப்ராக்சர்னு எழுதியிருக்கீங்க, கஸ்டிலோ வகை தெரிஞ்சா குறிப்பிடுங்க"ன்னு கேட்டுட்டு நிறுத்திக்கணும்.

இப்ப நாலாவது எர்ரர், அங்கதான் நான் உங்க பக்கம். முழங்கை சிராய்ப்புக்கு எஸ்50.312ஏ போட்டது தப்பு, பெரிய காயம் இருக்கறப்போ சின்னதை எடுக்கக்கூடாதுன்னு ஆடிட்டர் எழுதியிருக்காரு. ரூல் சொல்றது அதே இடத்துல இருக்குற சின்ன காயத்தை. வலது கால் எங்க இருக்கு, இடது முழங்கை எங்க இருக்கு? கைட்லைன்ல 19ஆம் அத்தியாயத்துக்கான பகுதில பி.1 எடுத்து அந்த வரிய அப்படியே ஒட்டி ரீபட்டல் (ஆடிட்டுக்கு மறுப்பு) போடுங்க தம்பி, டைம் முடியுறதுக்குள்ள. மீதி மூணையும் பேசாம ஒத்துக்கோங்க.